சட்டைக் கம்பியில் வெயில்

வங்கி பூட்டிய வீட்டைக் காலி செய்ய
குளுகோர் போயிருந்தோம், ரஃபிக்கும் நானும்.
பட்டியலில் சோபா, ஐஸ்பெட்டி, தையல் மெஷின்.
பின்பக்கக் குளியலறை வாளியில்
பட்டியலில் இல்லாத ஒன்று.
"கல்லு, அண்ணே" என்றான் ரஃபிக்.
கல் தலையை நீட்டியது.

ஜெலுத்தோங் அடுக்குமாடியில்
அன்றைக்கும் லிஃப்ட் ஓடவில்லை.
ஆறு மாடி. கையில் வாளி.
கதவைத் திறந்த தவமலர்
உள்ளே பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
"ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும்..."
பழமொழி பாதியில் நின்றது. பாதியே போதுமாயிருந்தது.
அமீனா புகுந்த வீட்டிலிருந்துதான் இது வருகிறது என்று
நான் சொல்லவில்லை.
எது முதலில் புகுந்ததென்று யார் கண்டது.

கண்ணாடித் தொட்டி நானூற்று இருபது வெள்ளி.
"வாங்காதே, கண்ணாடி இருப்பது அதற்குப் புரியாது,
நாள் முழுக்க முட்டிக்கொண்டே கிடக்கும்"
என்று விற்கிறவனே சொன்னான்.

லோரியில் மிச்சம் கிடந்தது
அதே வீட்டு அலமாரி, வீசச் சொன்னது.
கால் ஒன்று இல்லை.
படுக்கப் போகிற அலமாரிக்குக் கால் எதற்கு?
மறுபடி ஆறு மாடி,
ஒவ்வொரு திருப்பத்திலும் ரஃபிக் தன் ஊர் மொழியில்
ஆமையின் வம்சத்தைத் திட்டினான்.

மல்லாக்கப் போட்டு, கதவுகளைக் கழற்றி,
பலகை ஊறாமலிருக்க உள்ளே குளியலறைத் திரை விரித்தேன்,
ஐந்து வெள்ளி தொண்ணூறு, வாத்துப் படம் போட்டது.
தேங்காய்த்தூள் கட்டி மூன்று.
தண்ணீர் ஊற்றியதும் பொங்கி வந்தது;
பேசாமலிருந்த தவமலர்தான் முழங்கைவரை விட்டுக் கிளறினாள்.
உடைந்த மண்சட்டியின் பாதி, ஒளிந்துகொள்ள.
விளிம்பை மாடிப்படியில் தேய்த்து மழுக்கினேன்.
தண்ணீருக்குப் பூச்சாடித் தட்டு.
இடிக்கிற கடைவீட்டிலிருந்து ஓர் ஓடு, காசில்லாமல்.
அதில் இரை வைத்தால் நகம் தேயுமாம்.

எல்லாவற்றிலும் கையைக் கடித்தேன்,
விளக்கில் மட்டும் முடியவில்லை.
எண்பத்தெட்டு வெள்ளி.
மஞ்சள் பல்பு சூடு தரும், வெயில் தராது.
அந்த ஒளி இல்லாவிட்டால்
முதுகோடு அப்பளம்போல் நமுத்துப்போகுமாம்.
"பினாங்கில் வெயிலுக்கா பஞ்சம்?" என்று கேட்டவள்
கேட்டுவிட்டு பால்கனியைப் பார்த்தாள்.
எதிரே இன்னொரு அடுக்குமாடி.
பதினோரு வருடமாக எங்கள் துணிகள்
காற்றில்தான் காய்கின்றன.

அலமாரி படுத்த பின்னும்
சட்டை மாட்டும் கம்பி குறுக்கே நின்றது.
அதில் கட்டினேன் விளக்கை.
யாரோ ஒரு பிள்ளையின் பள்ளிச் சட்டைகள் தொங்கிய இடத்தில்
வெயில் தொங்கியது.
கல் நகர்ந்து வந்து, அதன் கீழே
நான்கு கால்களையும் பரப்பிக்கொண்டு படுத்தது.

துரை என்று பெயர் வைத்திருந்தோம்.

கழற்றிய கதவைத் தடுப்பாக அறுக்கலாமென்று
திருப்பிய இரவில்தான் பார்த்தேன்.
உள்பக்கம் பென்சில் கோடுகள், சாய்ந்த எழுத்து:
கிச்சாப், ஒன்பது.
கிச்சாப், பதினொன்றரை.
கிச்சாப், பதினான்கு, அதன் பக்கத்தில் ஒரு சிரித்த முகம்.
சோயா நிறம்தான், பொருத்தமான பெயர்தான்.
வாளா என் கையிலேயே இருந்தது.

பட்டியல் தாளில் இருந்த எண்ணுக்கு அடித்தேன்.
அப்படி ஓர் எண் இல்லை என்றது பெண்குரல்
மலாயில், பிறகு ஆங்கிலத்தில்.

தவமலர் தையல் டேப்பை எடுத்து வந்தாள்.
பதினாறே கால்.
கடைசிக் கோட்டுக்கு மேல் தானே எழுதினாள்;
சிரித்த முகம் போடவில்லை.
வனவிலங்குத் துறையின் பாரம்
இன்னும் நிரப்பாமல் டிவிமேல் கிடக்கிறது,
"எப்படிக் கிடைத்தது" என்ற கட்டத்துக்கு
ஒரு வரிதான் இடம்.

கீழ்மாடி ரொஹாயா அக்கா காலையில்
செம்பருத்தி இலை கொண்டுவந்து கதவில் மாட்டுகிறாள்.
ஆப்பிரிக்க வகையாம், இரண்டடிக்கு மேல் வளருமாம்,
நம்மையெல்லாம் அனுப்பிவிட்டுத்தான் போகுமாம்.
நேற்று ராத்திரி விளக்கு அணைந்த பிறகு
"நம்ம ரூம் எத்தனை அடி?" என்றாள் தவமலர்.
சும்மா கேட்டேன் என்கிறாள்.